எதிர்ப்பக்கத்து எடை

கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்ட பிறகும் பரிசல் சாயவில்லை.

வசுமதி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சாய வேண்டும். வட்டமான பரிசலில் ஒற்றை ஆள் ஒரு விளிம்பில் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் தாழும், எதிர்ப்பக்கம் தண்ணீரை விட்டு எழும்பும், துடுப்புப் போட்டால் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால்தான் தனியாகப் போகிறவர்கள் எதிர்ப்பக்கத்தில் ஒரு பாரம் வைத்துக்கொள்வார்கள். முதல் மூன்று நாட்கள் அரிசிப் பையும் மண்ணெண்ணெய் கேனும் அவளுக்குப் பாரமாக இருந்தன. அவை குறைந்துபோனதும், நான்காம் நாள் ஒரு பெரிய மருத மரத்தின் அடியில் நின்றிருந்த நீளமான கல்லை எடுத்து வைத்துக்கொண்டாள். இருபத்தைந்து கிலோ இருக்கும். எடுக்கும்போது கை வழுக்கியது. பாசி என்று நினைத்துக்கொண்டாள். பாசியில் விளக்கெண்ணெய் வாசம் வராது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

கல் வந்த பிறகு பரிசல் சுற்றவே இல்லை. அவள் நினைத்த பக்கம் போனது. மாயாற்றின் இரண்டு பாறைச் சரிவுகளை, பின்னாலிருந்து இன்னொரு துடுப்பும் விழுவதுபோல, சுலபமாகத் தாண்டி வந்துவிட்டாள்.

இப்போது பவானிசாகர் அணையின் விரிந்த நீர். கரை அரை பர்லாங். காலை வெயில். கரையோரம் பாறை இருக்கும், பரிசல் இலேசாக இருந்தால் நல்லது என்றுதான் அடி தெரியாத ஆழத்தில் கல்லைப் போட்டாள். அது போன இடத்தில் வட்டங்கள் விரிந்து அடங்கின. எதிர்ப்பக்க விளிம்பு நீரில் இருந்த அளவிலேயே இருந்தது. ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

அங்கே ஒன்றுமில்லை. பரிசலின் அடிச்சாக்கில் பூசிய தார் மட்டும், அப்போதுதான் நனைந்ததுபோல் மின்னியது.

ஆறு நாள் தூக்கக் குறைவு என்று சொல்லிக்கொண்டு துடுப்பை எடுத்தாள்.

கரையில் காளிச்சாமி நின்றிருந்தார். பரிசல் அவருடையது. அவருக்குப் பின்னால், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் மனைவி மாரியாத்தாள்.

“வாங்க அம்மணி! முதலை தின்னுபோட்டுதுன்னு நெனச்சேன்.”

“தின்னலீங்க.”

“உங்களைத் தின்னா அதுக்கு எங்க பத்தும்? எலும்புதான்.” சிரித்துக்கொண்டே பரிசலை இழுத்தார். சிரிப்பு நின்றது. மறுபடியும் இழுத்தார். “ஏனுங்க, உள்ளே ஒண்ணுமே இல்லை. இந்தக் கனம் கனக்குது?”

“தண்ணி ஊறியிருக்குமுங்க.”

“தார் பூசி மாசம் ஆகலீங்க” என்றபடி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துப் புரட்டி மணலில் கவிழ்த்தார். அந்தக் கணத்தில் வசுமதியின் முழங்கால்கள் மடங்கின. யாரும் தள்ளவில்லை. எதுவும் மேலே விழவில்லை. அவளுடைய எடையே திடீரென்று இரண்டு மடங்கானதுபோல் இருந்தது. மணலில் கை ஊன்றி எழுந்தாள். ஆறு நாள் நீரில் ஆடிய உள்காது தரைக்குப் பழக நேரம் எடுக்கும். படித்திருக்கிறாள்.

மாரியாத்தாள் அருகில் வந்தாள்.

“கண்ணு, வர்ற வழியில மருத மரத்து வளைவு பாத்திருப்பீல்ல?”

“பாத்தேங்க.”

“எம்பட புள்ள அங்கதான் போனா. பழனியாத்தா. ஆடி வெள்ளத்துல ஆளுகளை அக்கரைக்கு உட்டுட்டுத் திரும்பறப்ப. அவிகெல்லாம் ஊடு போய்ச் சேந்துட்டாங்க. இவ சேரலை.”

காளிச்சாமி பரிசலைத் தட்டிப் பார்ப்பதுபோல் முதுகைத் திருப்பிக்கொண்டார். ஆறு நாளுக்கு முன் பரிசலைக் கொடுத்தபோது அவர் மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

“உடம்பு கெடைக்கலை. கெடைக்காட்டி நாங்க அந்த எடத்துல ஒரு கல்லை நட்டு, எண்ணெய் வெச்சு, பேரச் சொல்லிக் கூப்புடுவோம். வந்து அதுல உக்காந்துக்குவா. தொண்ணூறு நாள். அப்பறம் பெத்தவ கையால எடுத்து ஆத்துல உட்டாத்தான் அவ போவா. வேற ஆரும் தொடப்படாது. நாளைக்கு வெடிஞ்சா தொண்ணூறு.” மாரியாத்தாள் அவள் கையைப் பிடித்தாள். “போன வாரம் தண்ணி ஏறுச்சுன்னாங்க. கல்லு நிக்குதா கண்ணு?”

வசுமதி ஏரியைப் பார்க்கவில்லை.

பதினொன்றரைக்குக் கோயமுத்தூர் பஸ். நாளை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. இந்த ஆறு நாளும் ஆற்றில் எடுத்த நீர்நாய்க் கணக்கெடுப்போடு போனால் அந்த ஆராய்ச்சி வேலை அவளுக்கு. போகாவிட்டால், நாளை மாலை பெண் பார்க்க வரவிருக்கும் திருப்பூர் மாப்பிள்ளைக்கு அவள். இரண்டில் ஒன்று என்று அப்பா சொல்லியிருந்தார். கூட வர வேண்டிய பையன் கடைசி நாளில் கழன்றுகொண்டபோது, பேராசிரியர், “பெண்ணுங்க காட்டு வேலைக்கு ஆக மாட்டாங்கன்னு இதுக்குத்தான் சொல்றது” என்றார். கல்லை எடுத்தது நான்தான் என்றால் அழுவார்கள், ஊர் கூடும், ரேஞ்சர் வருவார், பஸ் போய்விடும். இதெல்லாம் காரணங்கள். உண்மையான காரணம் அதைவிடச் சிறியது. நான்கு பேர் முன்னால் வாயைத் திறந்து ‘தப்புப் பண்ணிட்டேன்’ என்று சொல்ல அவளுக்கு எப்போதுமே வந்ததில்லை.

“நிக்குதுங்க” என்றாள்.

மாரியாத்தாள் இரண்டு கைகளையும் கூப்பினாள். ஆற்றைப் பார்த்து அல்ல. வசுமதியைப் பார்த்து.

மாரியாத்தாள் கரையிலேயே நிற்க, இருவரும் மேட்டுப் பாதையில் ஏறினார்கள். காளிச்சாமி பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். வசுமதி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சேற்றில் இரண்டு வரிசைத் தடங்கள். பரிசல் சுமந்தவரின் தடம் மேலாகப் பதிந்திருந்தது. அவளுடையது கணுக்கால் வரை இறங்கி, அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் இருவர் உட்காரும் சீட்டின் ஜன்னலோரம் அவளுக்குக் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டாள். டீசல் புகையும், யாரோ கூடையில் கொண்டுவந்த மல்லிகைப் பூவும், அதற்கு அடியில் நீர்த்தேக்கத்தின் பச்சைச் சேற்று வாசமும். அந்த வாசம் தன் உடையிலிருந்துதான் வருகிறது என்று புளியம்பட்டி வரை நம்பினாள். புளியம்பட்டியில் ஏறிய ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தவுடன் எழுந்துகொண்டாள்.

“ஈரமா இருக்குதுங்களே. சொல்றதில்லைங்களா?” என்று முறைத்துவிட்டுப் பின்னால் போனாள். வசுமதி கையை வைத்துப் பார்த்தாள். ரெக்ஸின் காய்ந்திருந்தது. நடுவில் மட்டும் குழிந்திருந்தது. உட்கார்ந்த ஆள் எழுந்தால் சற்று நேரத்தில் குழி மேலே வரும். அன்னூர் தாண்டியும் வரவில்லை.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது படியில் தடுமாறினாள். கழிப்பறைக்குப் போகும் வழியில், வண்ண விளக்குகள் சுற்றிச்சுற்றி எரியும் எடை மெஷின் நின்றது. அவள் நம்புவது எண்ணைத்தான். பையைக் கீழே வைத்துவிட்டு ஏறி நின்று ஒரு ரூபாயைப் போட்டாள். சக்கரம் சுழன்றது. அட்டை விழுந்தது.

97 கிலோ.

புறப்பட்ட அன்று இதே மெஷினில் அவள் நாற்பத்தெட்டு. செருப்பைக் கழற்றினாள். இன்னொரு ரூபாய். 98.

அட்டையின் அடியில் அச்சிட்டிருந்தது: ‘பிறர் துயரம் கண்டு இரங்கும் குணமுடையவர்.’

பின்னால் வரிசையில் நின்றவர், “மெஷின் ரிப்பேருங்க, காசைத் தின்னும்” என்றார். அவளும் அதையே நம்ப விரும்பினாள். அவர் ஏறினார். அவருக்கு விழுந்த அட்டையைப் பார்த்தார். “எனக்குச் சரியாத்தான் காட்டுது” என்றார்.

ஆட்டோக்காரரின் பெயர் சீட்டுக்குப் பின்னால் எழுதியிருந்தது: சிக்கந்தர். ஆர்.எஸ்.புரம் போக ஒத்துக்கொண்டவர், வடகோவை பாலம் ஏறும்போது வண்டி முனகுவதைக் கேட்டுக் கண்ணாடியில் பார்த்தார்.

“என்னங்க அம்மணி, பையில என்ன, கிரைண்டர் கல்லா?”

“துணிங்க. நோட்டுங்க.”

“நோட்டுக்கு வண்டி இப்படி அழுவாதே. நேத்து ஒரு மாமியாரையும் மருமகளையும் ஏத்துனேன். அப்பகூட அழுவலை.”

அவள் சிரிக்க முயன்றாள். பாலத்தின் உச்சியில் வண்டி ஒரு நொடி நின்று பின்னால் நகர்ந்தது. வீட்டு வாசலில் இறக்கிவிட்டதும், சிக்கந்தர் பின் சீட்டைத் துணியால் துடைத்தார். துணியைப் பிழிந்தார். அவளைப் பார்க்காமல் கிளம்பிப் போனார்.

முதல் மாடி வீடு. பதினெட்டுப் படிகள். மூன்று இடத்தில் நின்று ஏறினாள்.

அப்பா லட்சுமணசாமி பேப்பரைத் தாழ்த்தாமலே, “வனவாசம் முடிஞ்சுதா?” என்றார். “காலையில உன்ற இன்டர்வியூ. பொழுதோட என்ற இன்டர்வியூ. எது ஜெயிக்குதுன்னு பாக்கலாம்.”

“புள்ள இப்பத்தான் வந்திருக்கா. வாயைக் கழுவுங்க” என்று அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். வெங்கடம்மாள் அதிகம் படிக்காதவள். ஆனால் மகள் எம்.எஸ்ஸி. படித்ததும், இந்த ஆறு நாட்களும், அவள் ஒருத்தி அப்பாவின் முன்னால் நின்று ‘நான் பொறுப்பு’ என்று சொன்னதால் நடந்தவை. மகளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கறுத்துட்டே. நல்லதுதான். திருப்பூர்க்காரங்க பயந்துக்குவாங்க. ஆறு நாளா நான் கண்ணு மூடலை, தெரியுமா? எந்திரி, குளி.”

கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து இழுத்தாள். முடியவில்லை. இரண்டாம் முறை இழுத்துவிட்டு மூச்சு வாங்கினாள். “காட்டுல என்னத்தடி தின்னே?”

குளித்தாள். இரண்டு வாளி வெந்நீர், அரைக் கட்டி சோப்பு. சேற்று வாசம் போகவில்லை.

மாலை வெளிச்சம் ஜன்னலில் மஞ்சளாகும் நேரம், அம்மா அவளைத் தரையில் உட்காரவைத்து, பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து தலை வாரினாள். சீப்பில் சிக்கிய ஒரு முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முழங்கை தாண்டி நீண்டது.

“இது உன்னுது இல்லையே” என்றாள். வசுமதியின் முடி தோள் வரைதான்.

சீப்பு இறங்கும் சத்தம் இதமாக இருந்தது. நீண்ட முடியில் மேலிருந்து கீழாக, மெதுவாக, சர்ர்ரென்று. கண்ணை மூடினாள். சத்தம் தொடர்ந்தது.

அவள் தலையில் சீப்பு படவில்லை.

திரும்பினாள். அம்மாவின் கை அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி, முழங்காலுக்குக் கீழே வரை போய், மறுபடி மேலே. அம்மாவின் பார்வை அந்த இடத்தில் இருந்தது. மகள் பரீட்சையில் முதலாவதாக வந்தபோது பார்த்த அதே பார்வை.

“அம்மா!”

“ஹ?” அம்மா சீப்பைப் பார்த்தாள். “தூங்கிட்டேனாட்ட இருக்குது.”

வசுமதி எழுந்தாள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு எண் இருந்தது. காளிச்சாமி வீட்டுக்குப் பக்கத்துக் கடையின் போன். அவசரமென்றால் கூப்பிட என்று புறப்படும்போது வாங்கிக்கொண்டது. அதை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தெருமுனையில் எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். உள்ளே இருவர் நிற்கும் நெருக்கம். கடைக்காரர் ஆள் அனுப்பிக் காளிச்சாமியைக் கூட்டிவரும் வரை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நின்றாள். சொல்லிவிட வேண்டும். கல் எங்கே விழுந்தது என்று சொன்னால் வலை போட்டாவது தேடுவார்கள். இல்லாவிட்டால் வேறு கல் வைத்து மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர்கள் கூப்பிட்டால் அது போய்விடும். ஊருக்குத் தெரியட்டும். வேலை போகட்டும். வாக்கியத்தை மனதில் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது. காளிச்சாமி அல்ல.

“அம்மணியா? ஊடு போய்ச் சேந்துட்டியா கண்ணு? பத்தரமா சேந்துட்டியா?”

“சேந்துட்டேங்க.”

“உங்கம்மா பாத்துட்டாங்களா?”

“பாத்துட்டாங்க.”

“அது போதும்.” மாரியாத்தாள் மூக்கை உறிஞ்சினாள். “நீ கல்லு நிக்குதுன்னு சொன்னியே, அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. தொண்ணூறு நாளா இன்னிக்குத்தான் ஒரு வாய் சோறு எறங்குச்சு. வெடியால மொதல் வேலையா போயி எடுத்து உட்டுப்போடுவேன். நீ நல்லா இருக்கோணும் கண்ணு. என்னமோ சொல்லக் கூப்புட்டியாமா?”

கண்ணாடியில் அவள் மூச்சு படிந்திருந்தது. பக்கத்தில், அவள் தோளின் உயரத்தில், இன்னொருவர் மூச்சு படிந்திருக்க வேண்டிய இடம் மட்டும் துடைத்ததுபோல் தெளிவாக இருந்தது.

“வந்து சேந்துட்டேன்னு சொல்லத்தாங்க” என்றாள்.

ரிசீவரை வைத்தாள்.

வெளியே வந்தபோது தெரு முழுவதும் கரண்ட் போயிருந்தது. மணி ஏழு. ஜெனரேட்டர் வைத்திருந்த நகைக்கடை ஒன்று மட்டும் தூரத்தில் எரிந்தது. தொடை வலிக்க வலிக்க நடந்தாள். படி ஏறத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூன்று. நான்கு. நாளைக்குச் சொல்லலாம். தேர்வு முடிந்ததும் கடிதம் எழுதலாம். கடிதத்தில் சுலபம். பதினொன்று. பன்னிரண்டு.

பதிமூன்றாம் படியில் கால் தேவைக்கு மேல் உயர்ந்து, காற்றில் தவறி இறங்கியது.

கனம் இல்லை.

அப்படியே நின்றாள். தோளை அசைத்தாள். ஒரு காலில் நின்று பார்த்தாள். இலேசாக இருந்தது. நாற்பத்தெட்டு கிலோ. அவ்வளவுதான் அவள். உள்காது சரியாகிவிட்டது. இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மிச்சப் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள்.

கதவு திறந்திருந்தது. அப்பா மொட்டை மாடியில் காற்றாட உட்கார்ந்திருக்கும் இருமல் கேட்டது. கதவோரம் இருந்த டார்ச்சை எடுத்துப் போட்டாள். கூடத்தில் யாரும் இல்லை. தரை ஈரம். பாதம் அளவு ஈரம். அடுத்தது ஓரடி தள்ளி. அடுத்தது.

அறையை நோக்கி.

அம்மாவின் இரும்புக் கட்டில் கிறீச்சிட்டது. மெதுவாக. யாரோ எழுப்பிவிடாமல் படுக்கப் பார்ப்பதுபோல.

வாசலில் நின்றாள். டார்ச்சைக் கட்டில் பக்கம் திருப்பினாள்.

அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஆறு நாள் தூக்கம். கண் மூடியிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் இலவம்பஞ்சு மெத்தை குழிந்தது. முதலில் இடுப்பின் இடம். பிறகு தோள். தலையணை பள்ளமானது.

தூக்கத்திலேயே அம்மா சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

கையைத் தூக்கி மேலே போட்டாள். கை மெத்தையில் விழவில்லை. ஒரு சாண் உயரத்தில் தங்கியது.

“அம்மா.” மறுபடி. “அம்மா, எந்திரிம்மா.”

“சத்தம் போடாதே.” கண்ணைத் திறக்காமல் அம்மா சொன்னாள். “இப்பத்தான் தூங்கறா.”

அந்தக் கை தட்டத் தொடங்கியது. குழந்தையைத் தட்டுவதுபோல.

மெத்தையிலிருந்து தண்ணீர் வந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும். விரிப்புக்கு மேல் ஏறியது. கீழே வழியவில்லை. கட்டிலின் விளிம்பில், கண்ணாடி வைத்து நிறுத்தியதுபோல் நின்றது. பச்சையாக. மெல்ல உயர்ந்தது. அம்மாவின் காதை மூடியது. கன்னத்தை மூடியது. உதட்டோரம் வந்து நின்றது.

அம்மா சிரித்தாள்.

தட்டுவதை நிறுத்தவில்லை.